ஆம்பூரில் தைத்த ஷூவும் ஆம்பூரில் வாங்கிய ஷூவும்

போன வருஷம் அக்கா மகன் ஆன்லைனில் ஒரு ஷூ வாங்கினான். இன்ஸ்டாகிராமில் தமிழிலேயே வந்த விளம்பரம். ஆம்பூர் ஒரிஜினல் லெதர், ஃபேக்டரி விலை 1,499 ரூபாய், கேஷ் ஆன் டெலிவரி. அவன் வீடு இருப்பதும் ஆம்பூரில்தான். அவன் அப்பா, அதாவது என் மாமா, அங்கே ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருபது வருஷத்துக்கு மேல் இருப்பவர். திருநெல்வேலிக்கே அல்வா கொடுத்த கதைதான்.

பெட்டியைத் திறந்து ஷூவின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை மடித்துப் பார்த்தார் மாமா. "இது தோலே இல்லடா, ரெக்சின். மடிச்சா சுருக்கம் எப்படி விழுதுன்னு பாரு. வெட்டின ஓரத்துல துணி தெரியுது பாரு. எவன்டா இத லெதர்னு வித்தான்?"

எவன் என்பதுதான் தெரியவில்லை. பார்சலில் வேறு மாநிலத்துக் குடோன் முகவரி ஒன்று இருந்தது. விளம்பரம் வந்த பக்கம் ஒரு வாரத்தில் காணாமல் போனது. ஆர்டர் எடுத்த வெப்சைட் மட்டும் இன்னும் சில நாள் இருந்தது. அதன் நிபந்தனைகள் பக்கத்தைப் படித்தேன். தகராறு வந்தால் வேறொரு நாட்டுச் சட்டம், அந்த நாட்டு நீதிமன்றம் என்று இருந்தது. பெயர் வேண்டாம். அது நிறுவனம்தானா என்பதே எனக்குச் சந்தேகம். "விடு மாமா, ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு யார் அலையறது" என்று பையன் விட்டுவிட்டான்.

நான் விடவில்லை. பணத்துக்காக அல்ல. மாமா அதே வாரம் கம்பெனியில் ஐரோப்பிய ஆர்டர் ஒன்றுக்குத் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த ஷூவை ஆன்லைனில் வாங்கப் போகிற ஜெர்மன்காரருக்கு என்னென்ன பாதுகாப்பு, அதைத் தைத்த ஊரில் உட்கார்ந்து ஷூ வாங்கிய பையனுக்கு என்ன பாதுகாப்பு என்று இரண்டு பக்கச் சட்டத்தையும் எடுத்து வைத்துப் படித்தேன். நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் 2020 இ-காமர்ஸ் விதிகளையும் பற்றி இங்கே எழுதுவது அந்த வாசிப்பில் வந்த விமர்சனம். புதிய சட்டம் மோசம் என்பது என் கட்சி இல்லை. நல்ல சட்டம்தான், ஆனால் எல்லை தாண்டும் வியாபாரத்தில் அடிப்படையான ஒரு கேள்விக்கு அதில் பதில் இல்லை: விற்றவன் கைக்கு எட்டாதபோது இந்தப் பக்கம் யார் பதில் சொல்வது?

முதலில் ஜெர்மன்காரரின் ஷூ. ஏற்றுமதிக்குப் போகும் ஜோடியின் நாக்கிலோ அடிப்பக்கத்திலோ ஒரு சின்ன ஸ்டிக்கரைப் பார்த்திருப்பீர்கள். மாட்டுத்தோலை விரித்துப் போட்ட மாதிரி ஒரு படம், பின்னல் மாதிரி ஒன்று, வைரக்கட்டம் மாதிரி ஒன்று. 1994-இல் வந்த ஐரோப்பிய உத்தரவு (94/11) கேட்பது அது. ஷூவின் மேல்பாகம், உள்ளே இருக்கும் லைனிங், வெளிச் சோல் ஒவ்வொன்றும் எதனால் ஆனது என்று சொல்ல வேண்டும். தோல் என்று சொல்ல அந்தப் பாகத்தில் 80 சதவீதமாவது தோல் இருக்க வேண்டும். தோலின் மேல் கனமான பூச்சு இருந்தால் அதற்குத் தனிப் படம். ஆம்பூர் ஃபேக்டரிகளில் பேக்கிங் செக்‌ஷனில் நிற்கும் பெண்களுக்கு இந்தப் படங்கள் மனப்பாடம்.

இரண்டாவது, அவர் ஷூவைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று 14 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை உத்தரவு தந்த உரிமை இது, 2014 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்படி ஓர் உரிமை உண்டு என்று விற்பவர் சொல்லாமல் விட்டால் அந்தக் கெடு இன்னும் 12 மாதம் நீள்கிறது. நம் ஊரிலும் "7 நாள் ரிட்டர்ன்" என்று போடுகிறார்களே என்று கேட்கலாம். அது கடைக்காரர் தரும் சலுகை, நாளைக்கே எடுத்துவிடலாம்.

மூன்றாவதுதான் வேலூர்ப் பக்கத்துத் தோல்காரர்கள் மறக்க முடியாதது. 1989 கடைசியில் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சைத் தடுப்பு மருந்தைத் தடை செய்தது. தோல் கெடாமல் இருக்க இங்கே சர்வசாதாரணமாகப் போட்டுக்கொண்டிருந்த மருந்து. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பொருள் உள்ளே வராது என்றார்கள். சில வருஷத்துக்குள் இங்கிருந்த டேனரிகளும் அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் மாற்று மருந்துக்குப் போக வேண்டியதாயிற்று. அடுத்து சில அசோ சாயங்கள். அதற்கும் அடுத்து, 2015 மே 1 முதல், தோலில் படும் தோல் பொருளில் குரோமியம் 6 கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற விதி. நாம் பதனிடப் போடுவது குரோமியம் 3. சூடு, வெயில், வறட்சி, சேர்க்கும் சில எண்ணெய்கள் இவற்றால் அது 6 ஆக மாறலாம். தோல் அலர்ஜி தருவது அந்த வகைதான். மீறி ஏதாவது பொருள் சந்தைக்கு வந்துவிட்டால் 'சேஃப்டி கேட்' என்ற ஐரோப்பிய எச்சரிக்கைப் பட்டியலில் படத்தோடும் தயாரித்த நாட்டின் பெயரோடும் போட்டுவிடுகிறார்கள். வாரந்தோறும் வரும் அந்தப் பட்டியலை யாரும் திறந்து பார்க்கலாம். குரோமியம் 6 என்று தேடினால் இந்தியக் கையுறைகளும் காலணிகளும் அடிக்கடி கண்ணில் படும்.

ஹாம்பர்க்கில் இருப்பவர் வாணியம்பாடி டேனரிக்காரரை எப்படிப் பிடித்தார்? பிடிக்கவே இல்லை. அவருக்கு வாணியம்பாடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஐரோப்பியச் சட்டம் இறக்குமதியாளரைப் பிடித்தது. 1985-இன் பொருள் பொறுப்பு உத்தரவிலேயே, வெளியிலிருந்து பொருளை உள்ளே கொண்டுவருபவரைத் தயாரிப்பாளராகவே கருத வேண்டும் என்று இருக்கிறது. மாட்டிக்கொள்ளப் போவது தான் என்று தெரிந்த இறக்குமதியாளர், ஆர்டர் ஷீட்டிலேயே டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டார். அந்தக் காகிதம் பிராண்டிலிருந்து ஃபேக்டரிக்கும் ஃபேக்டரியிலிருந்து டேனரிக்கும் இறங்கி வந்தது. சட்டம் கடல் தாண்டவில்லை, ஆர்டர் ஷீட் தாண்டியது.

இந்த இடத்தில் ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் வாடிக்கையாளரின் காலுக்காக ஒரு மருந்து சில வருஷத்தில் போனது. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு? வேலூர் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது 1991-இல். தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாகக் காலூன்றியதற்கு மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிற தீர்ப்பு அது. பிறகு அமைக்கப்பட்ட ஆணையம் 2001-இல் 29,193 பேருக்கு, 547 டேனரிகள் சேர்ந்து 26 கோடிக்கு மேல் தர வேண்டும் என்று கணக்கிட்டது. அதற்கும் 24 வருஷம் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, இழப்பீட்டைக் கொடுத்து முடியுங்கள், ஆற்றைச் சரி செய்யுங்கள் என்று அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஷூவில் தங்கும் மிச்சத்தைத்தான் நுகர்வோர் சட்டம் அளக்கும். கிணற்றில் தங்கியது அதன் கணக்கில் வராது, கிணற்றுக்காரர் எதையும் வாங்கவில்லையே. எனவே ஐரோப்பியச் சட்டத்தை மெச்சுவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. அது யாருக்காக வேலை செய்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிறேன், அவ்வளவுதான்.

சரி, இனி நம் பையனின் ஷூ.

2019 சட்டம் 2020 ஜூலை 20-இல் அமலுக்கு வந்தது. இ-காமர்ஸ் விதிகள் மூன்று நாள் கழித்து, ஜூலை 23-இல். பழைய 1986 சட்டத்தோடு ஒப்பிட்டால் பெரிய லாபம் 34-ஆம் பிரிவில் இருக்கிறது. புகார் செய்பவர் தான் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ இருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். முன்பு எதிர்த்தரப்பு எங்கே இருக்கிறது, வழக்குக்கான காரணம் எங்கே எழுந்தது என்று மல்லுக்கட்ட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. மனுவை ஆன்லைனிலேயே போடலாம். ஒரு ஆம்பூர்க்காரர் வீட்டிலிருந்தபடி யார் மீதும் வழக்குப் போட முடியும் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். கோர்ட்டு கிடைத்துவிட்டது, பிரதிவாதி கிடைக்கவில்லை.

விதிகள் வெளிநாட்டு விற்பனையாளரைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. இந்தியாவில் நிறுவப்படாத நிறுவனமாக இருந்தாலும், இந்திய நுகர்வோருக்கு முறையாகத் தொடர்ந்து பொருள் விற்க முன்வந்தால் விதிகள் அதற்கும் பொருந்தும் என்று இரண்டாவது விதியிலேயே இருக்கிறது. 'முறையாக' என்றால் என்ன? விதிகளில் விளக்கம் இல்லை. இதே கேள்வியை ஐரோப்பிய நீதிமன்றம் 2010 டிசம்பரில் பாம்மர் வழக்கில் எடுத்துக்கொண்டு சில அடையாளங்களைச் சொன்னது. எந்த மொழியில் விளம்பரம், எந்த நாணயத்தில் விலை, போன் நம்பரில் நாட்டுக் குறியீடு உண்டா, வெப்சைட் பெயரின் வால் என்ன, இப்படி. அந்த அளவுகோலை வைத்தால் நம் பையன் பார்த்த விளம்பரம் ஒரு நொடியில் மாட்டும். தமிழில் பேசி, ரூபாயில் விலை சொல்லி, கேஷ் ஆன் டெலிவரி என்று வீட்டு வாசலில் பணம் வாங்குகிறவர் இந்தியாவை நோக்கி வியாபாரம் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு வரி விளக்கம் எழுதியிருந்தால் போதும்.

அடுத்து, இ-காமர்ஸ் நிறுவனம் இந்தியாவில் வசிக்கும் தொடர்பு அதிகாரி ஒருவரை வைக்க வேண்டும், குறை தீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் ஐரோப்பாவில் எல்லைக்கு உள்ளே நிற்கும் ஆள் பொறுப்பேற்கிறவர், நம் விதிகளில் நிற்பவர் தகவல் வாங்கிக்கொள்கிறவர். தொடர்பு அதிகாரி என்பவர் ஒரு தபால் பெட்டி. அதில் போட்ட கடிதத்துக்குப் பணம் கட்ட வேண்டிய கடமை அந்தப் பெட்டிக்கு இல்லை.

சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு 86. பொருளால் கெடுதல் வந்து, தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்ப்பிக்க முடியாவிட்டாலோ, அவர் இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவராக இருந்தாலோ, உத்தரவை அவர்மீது நிறைவேற்ற முடியாது என்றாலோ, விற்றவரே பொறுப்பு. எல்லை தாண்டிய வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியத்தை எழுத முடியாது. யார் எழுதினார்களோ, விஷயம் தெரிந்தவர். ஆனால் அதை 'கெடுதல்' என்ற அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவு, காயம், நோய், மன வேதனை, மற்றப் பொருளுக்குச் சேதம் இவைதான் கெடுதல். வாங்கிய பொருளே மட்டமாக இருந்தால் அது கெடுதல் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. ரெக்சின் ஷூவால் காலில் புண் வந்தால் பையனுக்கு 86 உண்டு. புண் வராமல் வெறுமனே ஏமாந்து போனால் 86 இல்லை. ஐரோப்பாவிலும் பொருள் பொறுப்புச் சட்டத்தில் இதே பூட்டு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஏமாந்தவருக்கு 14 நாள் கதவு தனியாகத் திறந்திருக்கிறது. இங்கே அது இல்லாததால் 86-இன் பூட்டு இரண்டு மடங்கு கனக்கிறது.

இப்போது பெரிய விஷயம். விதிகள் இ-காமர்ஸ் நிறுவனங்களை இரண்டாகப் பிரிக்கின்றன. தானே சரக்கு வைத்து விற்பவர் ஒரு வகை. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் சந்தை இன்னொரு வகை. சரக்கு வைத்திருப்பவர் பொருள் அசல் என்று உறுதி சொன்னால் பொறுப்பு அவருக்கு. சந்தை என்றால் விற்பவரின் பெயர், முகவரியைக் காட்ட வேண்டும், விவரமும் படமும் பொருளோடு பொருந்தும் என்று விற்பவரிடம் எழுதி வாங்க வேண்டும். அதோடு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தரும் விலக்கையும் நிபந்தனையோடு கேட்கலாம்.

இந்தப் பிரிவினை நுகர்வோர் சட்டத்தில் பிறந்தது இல்லை. அந்நிய நேரடி முதலீட்டுக் கொள்கையிலிருந்து வந்தது. வெளிநாட்டுப் பணம் வாங்கிய நிறுவனம் சரக்கு வைத்து நேரடியாக விற்கக் கூடாது, சந்தையாக மட்டுமே இருக்க வேண்டும் என்று 2016-இலும் 2018-இலும் வந்த அறிவிப்புகள் சொல்லின. சில்லறைக் கடைக்காரர்களைக் காக்கச் செய்த ஏற்பாடு அது, அதன் நியாயம் வேறு. அதே பிரிவினையைத் தூக்கி நுகர்வோர் விதிகளில் வைத்தபோது விசித்திரமான ஒன்று நடந்துவிட்டது. நாட்டின் மிகப் பெரிய கடைகள், அந்நிய முதலீடு உள்ளவை என்பதாலேயே, சட்டப்படி "நான் விற்கவில்லை" என்று சொல்லக் கடமைப்பட்டவை ஆகிவிட்டன. ஷூ வாங்கியவர் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கடைதான். பணம் வாங்கியது, பார்சல் கட்டியது, விளம்பரம் காட்டியது எல்லாம் அதுதான். பொறுப்பு என்று வந்தால் மட்டும் பில்லில் பொடி எழுத்தில் இருக்கும் யாரோ ஒருவர்.

நீதிமன்றங்களும் ஆணையங்களும் இதைக் கவனிக்காமல் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2018 நவம்பரில் கிறிஸ்டியன் லூபூட்டான் வழக்கில், ஒரு வெப்சைட் வெறும் இடைத்தரகரா அல்லது வியாபாரத்தில் கை வைப்பவரா என்று பார்க்க நீண்ட பட்டியலே போட்டது. பொருளை அடையாளம் காட்டுவது, பேக் செய்வது, பணம் வாங்குவது, தள்ளுபடி தருவது என்று அது நீள்கிறது. அதுவும் ஷூ வழக்குதான், சிவப்புச் சோல் போட்ட விலை உயர்ந்த ஷூ. ஆனால் வழக்குப் போட்டது ஷூ வாங்கியவர் இல்லை, டிரேட்மார்க் வைத்திருந்த பிரெஞ்சுக் கம்பெனி. தன் பெயரைக் காப்பாற்ற கம்பெனிக்குக் கிடைத்த வாதத்தை 1,499 ரூபாய் வாடிக்கையாளர் யார் மூலம் எழுப்புவார்?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் அமேசான் மீது போட்ட பிரஷர் குக்கர் உத்தரவு இன்னும் நெருக்கமானது. பி.ஐ.எஸ். தரம் கட்டாயமான பிறகும் அந்தத் தளத்தில் தரமில்லாத 2,265 குக்கர்கள் விற்றிருந்தன. அதில் தளத்துக்குக் கிடைத்த கட்டணம் 6 லட்சத்து 14 ஆயிரத்துச் சொச்சம். விற்பனையில் காசு பார்த்துவிட்டுப் பொறுப்பை மட்டும் உதற முடியாது என்றது ஆணையம். வாங்கியவர்களுக்குச் சொல்லி, குக்கரைத் திரும்ப வாங்கி, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அபராதம் 1 லட்சம். அமேசான் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. அபராதமும் கட்டணமும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 2024 ஆகஸ்ட் 1 முதல், சிறு உற்பத்தியாளர்களுக்குச் சில விலக்குகளோடு, காலணிகளுக்கும் இதே மாதிரித் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. ஆகவே குக்கர் வழி ஷூவுக்கும் திறக்கலாம். ஆனால் அது ஆணையம் தானாக எடுக்கும் நடவடிக்கை. பையன் கையில் இருக்கும் உரிமை இல்லை.

வேறொரு சின்ன ஓட்டையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டிமேல் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் எடையளவு விதிகள் 2018 ஜனவரி முதல் ஆன்லைன் பக்கத்துக்கும் பொருந்துகின்றன. பெயர், முகவரி, விலை, இறக்குமதியானால் எந்த நாட்டுப் பொருள் என்பதெல்லாம் அதில் உண்டு. மேல்பாகம் எதனால் ஆனது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. "ஆம்பூர் ஷூ" என்பதற்கும் சட்டத்தில் எந்த அர்த்தமும் கிடையாது. ஈ.ஐ. லெதர் என்ற நம் பழைய தாவரப் பதனீட்டுத் தோலுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆம்பூர் ஷூவுக்கு இல்லை. யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் அந்தப் பெயரை வைக்கலாம், வைக்கிறார்கள்.

வெப்சைட்டில் இருந்த அந்த வேற்று நாட்டு நீதிமன்ற நிபந்தனை என்ன ஆகும் என்று ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். 34-ஆம் பிரிவு தந்த உரிமையை ஒரு பொடி எழுத்து நிபந்தனையால் பறிக்க முடியாது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது என்றார். ஆனால் அந்த நிபந்தனையையே 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அறிவிக்கக் கேட்டால்? அந்த அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்துக்குத்தான். "1,499 ரூபாய் ஷூவுக்குச் சென்னைக்கு ரயில் ஏறணும் சார்" என்று சிரித்தார். இன்னொன்றும் சொன்னார்: ஜெயித்தாலும் வெளிநாட்டில் எப்படி வசூலிப்பது? சீனாவில் இருப்பவர்மீது வாங்கிய உத்தரவை அங்கே கொண்டுபோய் நிறைவேற்ற இரண்டு நாட்டுக்கும் ஏற்பாடு இல்லை.

சீனா என்றதும் நினைவுக்கு வருகிறது. எல்லை தாண்டிய ஆன்லைன் வியாபாரத்தில் இந்திய அரசு நிஜமாகவே வேகமாகச் செயல்பட்ட சந்தர்ப்பம் உண்டு, ஆனால் நுகர்வோர் சட்டத்தின் மூலம் இல்லை. சீனத் தளங்களிலிருந்து 'பரிசு' என்ற பெயரில் வரி இல்லாமல் பார்சல் வந்துகொண்டிருந்தது. 2019 டிசம்பரில் மருந்தும் ராக்கியும் தவிர மற்றப் 'பரிசு'களை நிறுத்தினார்கள். 2020 ஜூன் 29-இல் ஷீன், கிளப் ஃபேக்டரி உட்பட 59 செயலிகளுக்குத் தடை, நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ். முதல் முடிவுக்குக் காரணம் வரி, மற்றதற்குப் பாதுகாப்பு. காரணங்கள் சரியாகவே இருக்கட்டும். வாங்கியவர் என்ற ஓர் ஆள் அந்த முடிவுகளில் எங்குமே இல்லை. கதவை மூடுவது பாதுகாப்பு என்றால், கதவு திறந்திருக்கும்போது என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பதில் ஒன்று வந்தது, வரைவாக. 2021 ஜூன் 21-இல் விதிகளுக்கு வெளியிட்ட திருத்த வரைவில், விற்பவர் தன் கடமையைச் செய்யத் தவறி வாங்கியவருக்கு இழப்பு வந்தால், சந்தை நடத்துபவரே பின்னால் நின்று பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஃபிளாஷ் சேல் தடை மாதிரி வேறு பல விஷயங்களும் அதில் கலந்திருந்தன. பெரிய நிறுவனங்கள் எதிர்த்தன, அரசுக்குள்ளேயே கருத்து வேறுபாடு பேசப்பட்டது, வரைவு வரைவாகவே நின்றுபோனது. என் பார்வையில் மொத்த வரைவிலும் காப்பாற்றியிருக்க வேண்டியது அந்த ஒரு விதியைத்தான். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால் அதுவும் மூழ்கியது.

எதிர் வாதம் இருக்கிறது, லேசானதும் இல்லை. இந்தப் பொறுப்பைத் தளத்தின் தலையில் வைத்தால் தளம் சின்ன விற்பனையாளர்களை வெளியே தள்ளும். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பத்துப் பேரை வைத்து ஷூவும் பெல்ட்டும் தைத்து ஆன்லைனில் விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் முதல் அடி. ஐரோப்பா இதற்கு நேரடி உதாரணம். 2024 டிசம்பர் 13 முதல் அங்கே பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குவிதி அமலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் முகவரி உள்ள ஒரு பொறுப்பாளர் இல்லாமல் எந்த நுகர்பொருளையும் அங்கே விற்க முடியாது. தயாரித்தவர் பெயரோடு அந்தப் பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் ஆன்லைன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிராண்டுக்குத் தைக்கும் பெரிய ஃபேக்டரிக்கு இது பிரச்சினை இல்லை, அவர்களுக்கு இறக்குமதியாளர் ஏற்கனவே இருக்கிறார். வீட்டில் தைத்த பர்ஸ் ஒன்றை பெர்லினுக்கு நேரே அனுப்பப் பார்த்தவர்தான் பொறுப்பாளரைக் காசு கொடுத்துப் பிடிக்க வேண்டும். மாதம் நாலு பர்ஸ் விற்பவருக்கு அது கட்டுபடியாகாது.

ஐரோப்பியர்கள் செய்ததெல்லாம் ஜெயித்துவிடவும் இல்லை. எல்லை தாண்டிய தகராறுகளை ஆன்லைனில் தீர்க்க அவர்கள் வைத்திருந்த தளத்தை, யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை என்று 2025 ஜூலை 20-இல் மூடிவிட்டார்கள். புகார்ப் பெட்டி தோற்றது, பொறுப்பாளர் விதி நிற்கிறது. நம்மவர்கள் இங்கே போர்ட்டல் மேல் போர்ட்டலாகத் திறந்துகொண்டிருக்கும்போது இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இருந்தாலும் சின்ன விற்பனையாளர் என்ற வாதம் எனக்கு முழுசாக ஏற்கவில்லை. பேரணாம்பட்டுக்காரரின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண் எல்லாம் தளத்தில் இருக்கிறது. அவர்மீது வழக்குப் போடலாம், போனால் வீட்டிலேயே பார்க்கலாம். அவர் விஷயத்தில் தளம் பொறுப்பேற்கத் தேவையே இல்லை. தேவைப்படுவது முகவரி பொய்யாக இருக்கும்போது, விற்பவர் நாட்டுக்கு வெளியே இருக்கும்போது, நோட்டீஸ் திரும்பி வரும்போது. அதாவது 86-ஆம் பிரிவு ஏற்கனவே எண்ணி வைத்திருக்கும் அதே சந்தர்ப்பங்களில். அந்தப் பிரிவின் வாசகத்தைக் 'கெடுதல்' அறையிலிருந்து எடுத்து இ-காமர்ஸ் விதிகளில் வைத்தால் போதும். பொருள் விவரத்துக்கு ஒத்துவராவிட்டால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று ஆறாவது விதி விற்பவருக்குச் சொல்கிறதே, அந்த விற்பவர் எட்டாதபோது பணம் வாங்கித் தந்தவர் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு உட்பிரிவு. ஐரோப்பாவின் 2024 பொருள் பொறுப்பு உத்தரவும் இப்படித்தான் படி இறங்குகிறது. தயாரிப்பாளர் இல்லையா, இறக்குமதியாளர். அவரும் இல்லையா, பிரதிநிதி. அவரும் இல்லையா, குடோனில் வைத்து அனுப்பிக் கொடுத்தவர். கடைசியில் சில நிபந்தனைகளோடு தளம்.

இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து வேறொரு வெப்சைட்டில் வாங்கியதில் 'சந்தை' எது என்பது இன்னும் சிக்கல். விளம்பரத்தைக் காட்டியவர் சந்தையா? பணத்தை வாசலில் வாங்கிக்கொண்டு போன கூரியர் யார்? விதிகளில் கூரியருக்குப் பெயரே இல்லை. ஆனால் நம் பையன் விஷயத்தில் இந்தியாவில் நிஜமான முகவரியோடு இருந்தது அந்தக் கூரியர் கம்பெனி மட்டும்தான். பணமும் அவர்கள் கையில்தான் போனது. கேஷ் ஆன் டெலிவரியில் வாங்கிய பணத்தைக் கொஞ்ச நாள் கையிலேயே வைத்திருந்து, புகார் வராவிட்டால்தான் விற்றவருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் இந்த வகை மோசடியில் பாதி நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. வக்கீல் நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை, கூரியர்காரர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள் என்கிறார். இருக்கலாம். இதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் அடுத்த பதிவில் சேர்த்துக்கொள்கிறேன்.

பையன் அந்த ரெக்சின் ஷூவை மழைக்கு வைத்துக்கொண்டான். பொங்கலுக்கு மாமாவே பைபாஸ் ரோட்டில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் விற்கும் கடைக்குக் கூட்டிப்போய், நாலு ஜோடியை மடித்துப் பார்த்து ஒன்று எடுத்துக் கொடுத்தார். அடியில் மாட்டுத்தோல் படம் ஒட்டியிருந்தது. பில் தரவில்லை.